பின்வாங்கும் சொற்கள், பின்தங்கும் எழுத்துகள்

குறுக்கெழுத்துப் புதிரில் இப்படி ஒரு குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

பின்வாங்கும் ஈசனே, படி! (2)

கடவுள் எதற்குப் பின்வாங்குகிறார், இந்தப் படி வாசற்படியா அளக்கிற படியா என்றெல்லாம் யோசித்தால் விடை வராது. கட்டங்கள் இரண்டுதான். ஈசனே என்று கூப்பிட இரண்டெழுத்தில் ஒரு சொல் வேண்டும்: சிவா. அவரைப் பின்வாங்க வைத்தால், அதாவது பின்னாலிருந்து எழுதினால், வாசி. வாசி என்றால் படி. அவ்வளவுதான். சித்தர் மரபில் மூச்சைக் குறிக்கும் வாசியையும் சிவா என்ற பெயரையும் இப்படி முன்பின்னாக வைத்துப் பேசும் வழக்கம் உண்டு என்பதால், இது பலருக்குச் சட்டென்று பிடிபடும்.

பின்வாங்கு, பின்தங்கு, பின்னடை, திரும்பு, ஒதுங்கு போன்ற சொற்கள் புதிரில் வரும்போது பெரும்பாலும் தங்கள் பொருளைச் சொல்ல வருவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லின் எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு போட வருகின்றன. இதில் முக்கியமானது, பின்வாங்குவதும் பின்தங்குவதும் ஒரே உத்தரவு இல்லை என்பது. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிடுவோம், புதிரில் அப்படிச் செய்தால் விடை தப்பிப்போகும். பின்வாங்கு என்றால் சொல் முழுக்கத் திசை திரும்புகிறது. பின்தங்கு என்றால் ஏதோ ஒரு எழுத்து மட்டும் தன் இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் போகிறது, மற்றவை வரிசை மாறாமல் நிற்கின்றன.

தோற்ற படை ஒன்றை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். அணி கலையாமல் அப்படியே திரும்பி நடந்தால் அது பின்வாங்கல். சொல்லைத் தலைகீழாக எழுத வேண்டும். ஒரு வீரர் மட்டும் நடக்க முடியாமல் வரிசையில் பின்னால் போய்விட்டால் அது பின்தங்கல். ஓர் எழுத்து இடம் மாறும். படை சிதறி ஓடினால் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அடுக்க வேண்டும். ஒருவர் களத்தை விட்டே போய்விட்டால் ஓர் எழுத்தை நீக்க வேண்டும். குறிப்பில் ‘பின்வாங்கிச் சிதறிய’ என்று இரண்டும் சேர்ந்து வந்தால் சிதறலுக்கே முன்னுரிமை. கலைந்துபோனதற்கு முன், பின் என்று திசை ஏது?

நம் வார இதழ்களிலும் நாளிதழ்களிலும் வழக்கமாக வரும் குறுக்கெழுத்தில் இந்த உத்தரவு வெளிப்படையாகவே இருக்கும். ‘அரசனின் மனைவி (வலமிருந்து இடம்)’ என்று போட்டிருப்பார்கள். கட்டங்களை நிரப்ப வசதியாக அமைப்பவர் சொல்லைத் திருப்பி வைத்திருக்கிறார், அதை நேர்மையாகச் சொல்லியும்விடுகிறார். இலங்கைப் பத்திரிகைகளில் ‘குழம்பியுள்ளது’, ‘தலைகீழாக உள்ளது’ என்ற சொற்களைப் பார்க்கலாம். இங்கே திருப்பிய சொல்லுக்குத் தனியாகப் பொருள் எதுவும் இருக்காது. கட்டத்தில் ‘ணிரா’ என்று நிற்கும், நாமும் அதை ஏற்றுக்கொள்வோம்.

மறைபொருள் குறிப்புகளில் கதை வேறு. அங்கே திருப்பி எழுதிய பிறகு வருவதும் முழுமையான, வழக்கில் உள்ள ஒரு சொல்லாக இருக்க வேண்டும். உத்தரவையும் பொருளையும் ஒரே வாக்கியத்துக்குள் ஒளித்து வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த வகையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், லண்டனின் தி அப்சர்வர் இதழுக்கு 1939 முதல் சிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட். குறிப்பில் வேலையில்லாத சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு பகுதி நேர்ப்பொருளைத் தர வேண்டும், மறுபகுதி எழுத்துகளைத் தர வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். தமிழில் இந்த முறையில் நல்ல புதிர்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்துவந்த புதிர்கள் மூலமாகத்தான் பல தமிழ் வாசகர்கள் இந்த வகைக்குள் நுழைந்தார்கள்.

சரி, தமிழில் ஒரு சொல்லைப் பின்வாங்க வைப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காரணம் நம் எழுத்திலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஆனால் ஏராளமான சொற்கள் அதில்தான் முடிகின்றன: மரம், வீடுகள், அவன், பால், தேர். இவற்றில் எதைத் திருப்பினாலும் முதல் கட்டத்தில் ஒரு மெய்யெழுத்து வந்து உட்கார்ந்துவிடும். ஒரே அடியில் அகராதியின் பெரும்பகுதி கைநழுவிப் போகிறது. மிச்சம் இருப்பதிலும் தடைகள் உண்டு. பன்னிரண்டு உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து மெய்கள் ஏறிய எழுத்துகளும்தான் சொல்லுக்கு முதலில் வரும் என்று நன்னூல் சொல்கிறது. ஆகவே டு, ளி, லை, ணி, று என்று முடியும் சொற்களும் பயன்படாது. நாடு, கிளி, மலை, மணி, ஆறு எல்லாமே போச்சு.

நடுவில் வரும் மெய்யெழுத்தும் விடாது. பந்து என்பதைத் திருப்பினால் துந்ப. ‘ந்’ என்பதற்குப் பின்னால் ‘ப’ வருவதைத் தமிழ் ஏற்காது. பத்து என்றால் துத்ப. அதுவும் வாயில் நுழையாது.

இவ்வளவு சல்லடையிலும் தப்பி வருபவை சில. அதனால்தான் அவற்றைக் கண்டுபிடிக்கும்போது அவ்வளவு சந்தோஷம். எனக்கு மிகவும் பிடித்தது இது:

கிளி பின்வாங்கினால் ஊசிநூல் கொண்டு இணைத்த (3)

கிளிக்கு இன்னொரு பெயர் தத்தை. த, த், தை என்ற மூன்று எழுத்துகளைத் திருப்பினால் தை, த், த. தைத்த! நடுவில் இருப்பது தகர மெய், இரண்டு பக்கமும் இருப்பவை தகர வரிசை எழுத்துகள். அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இலக்கணம் இடிக்கவில்லை. பாப்பா, தாத்தா, காக்கா ஆகியவை திருப்பினாலும் அப்படியே இருப்பதற்கும் இதே அமைப்புதான் காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள். விடை ‘தைத்த’ என்ற பெயரெச்சம் என்பதால், குறிப்பும் ‘இணைத்த’ என்று பெயரெச்சமாகவே முடிகிறது. ‘இணைத்தல்’ என்று முடித்திருந்தால் அது தவறான குறிப்பு.

மெய்யே இல்லாத ஈரெழுத்துச் சொற்களில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். வசை பின்வாங்கினால் சைவ. ‘மாதே’ என்று பெண்ணை அழைத்துத் திருப்பினால் தேமா. யாப்பு படித்தவர்களுக்கு அது ஈரசைச் சீர். அதனால் ‘பெண்ணே, பின்வாங்கினால் சீர் (2)’ என்று சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதலாம். சாமி பின்வாங்கினால் மிசா. 1971-இல் வந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் பலரைச் சிறையில் தள்ளி, 1977-இல் நீக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் பெயர் தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1976-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு அதில் கைதானவர்களை மிசா கைதிகள் என்றே சொல்கிறோம். ஆகவே ‘சாமி பின்வாங்கியதால் பலரைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் (2)’ என்றால் தமிழ் வாசகருக்கு அது நியாயமான குறிப்பு.

முன்பின்னாகப் படிக்கிற இந்த ஆசை நமக்குப் புதிதல்ல. வால்மீகி ‘மரா மரா’ என்று சொல்லிச் சொல்லி அது ‘ராம ராம’ ஆனது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். தண்டியலங்காரம் சித்திரகவிகளில் ஒன்றாக மாலைமாற்றைச் சொல்கிறது. முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒரே மாதிரி வரும் செய்யுள் அது. திருஞானசம்பந்தர் சீர்காழிக்குப் பாடிய திருமாலைமாற்றுப் பதிகம், ‘யாமாமாநீ யாமாமா’ என்று தொடங்குவது, முழுவதும் இப்படியே அமைந்தது. மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. புதிர் போடுகிறவர் அதை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாடல்களில் புள்ளி வைத்த எழுத்தே கிடையாது. யா, மா, நீ, ழீ, கா என்று உயிர்மெய்களையே அடுக்கிக்கொண்டு போகிறார். புள்ளி எழுத்துதான் திருப்புவதற்கு எதிரி என்பதை அன்றைக்கே எவ்வளவு துல்லியமாக உணர்ந்திருக்கிறார் என்று நினைக்கும்போது சிலிர்க்கிறது. அதே தண்டியலங்காரத்தில் ஒவ்வோர் எழுத்தாக நீக்கிக்கொண்டே போகும் அக்கரச்சுதகமும் உண்டு. இன்று ‘தலை இழந்த’, ‘வால் அறுந்த’ என்று குறிப்பு எழுதுகிறவர்கள் அந்த மரபில்தான் நிற்கிறார்கள்.

முழுச் சொல்லைத் திருப்புவது அரிது என்பதால், நடைமுறையில் ஒரு துண்டை மட்டும் திருப்பி வேறொன்றோடு ஒட்டுவார்கள். விடை தேடுகிறவருக்கு அதிகம் எதிர்ப்படுவது இதுதான்:

முடிவில்லா நலத்தோடு சிவா பின்வாங்க, கவலையின்றி வாழ்பவன் (4)

இந்த மாதிரிக் குறிப்பில் முதலில் செய்ய வேண்டியது, நேர்ப்பொருள் எந்த முனையில் இருக்கிறது என்று பார்ப்பது. நல்ல குறிப்பில் அது தொடக்கத்தில் இருக்கும் அல்லது கடைசியில் இருக்கும், நடுவில் இருக்காது. இங்கே ‘கவலையின்றி வாழ்பவன்’ கடைசியில் நிற்கிறது. அதைப் பிரித்து வைத்துவிட்டால் மிச்சம் எல்லாமே எழுத்து வேலை. நலம் என்பதற்குச் சுகம் என்று வைத்துக்கொள்வோம். ‘முடிவில்லா’ என்பதால் ம் போய்ச் சுக நிற்கிறது. சிவா பின்வாங்கினால் வாசி. சுகவாசி. நான்கு கட்டம், சரியாக இருக்கிறது. இங்கே ‘பின்வாங்க’ என்ற சொல் எதன்மேல் வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தனக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சிவாவின்மேல் மட்டும். நலத்தையும் சேர்த்துத் திருப்பினால் ஒன்றும் வராது. தமிழ் வினை பின்னால் வருகிற மொழி என்பதால், உத்தரவுச் சொல்லுக்கு இடது பக்கத்தில்தான் முதலில் தேட வேண்டும். ‘பின்வாங்கும்’, ‘பின்வாங்கிய’ என்று பெயரெச்சமாக வந்தால் மட்டும் வலது பக்கம். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் குறிப்புகளில் திசை தெரிந்துவிடும்.

பின்தங்கலுக்கு வருவோம். இங்கே தமிழ் அவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை. கடைசியில் உள்ள மெய்யைத் தொடாமல் முன்னால் இருக்கும் எழுத்துகளை மட்டும் இடம் மாற்றலாம் என்பதால் நிறைய வாய்ப்புகள்.

கொலையில் முன்நின்றவர் ஓரடி பின்தங்க, முனிவர் செய்வது (3)

கொலை என்றால் வதம். முன்நிற்கும் ‘வ’ ஓரடி பின்னால் போனால் தவம். வதமும் தவமும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதை இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் யார் கவனித்திருப்பார்கள்? நரகத்தில் இரண்டாவதாக நிற்கும் ‘ர’ ஓர் இடம் பின்தங்கினால் நகரம். கதவில் தலைவர் பின்தங்கினால் தகவு. ‘தக்கார் தகவிலர் என்பது’ என்ற குறளில் வரும் அதே தகவு, தகுதி என்ற பொருளில். கரத்தின் முதலெழுத்து பின்தங்கினால் ரகம். இந்த ரகத்தில் மட்டும் ஒரு தயக்கம் உண்டு. மரபு இலக்கணப்படி ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, இரகம் என்று எழுத வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் கட்டம் நான்காகிவிடும், குறிப்பும் உடைந்துவிடும். ரகம், ரதம், லாபம், டீ, ரயில் என்று மக்கள் எழுதுகிறபடியே எடுத்துக்கொள்வதுதான் புதிருக்கு நல்லது என்பது என் கருத்து. அமைப்பவர் எதைப் பின்பற்றினாலும் புதிருக்குப் புதிர் மாற்றாமல் இருக்க வேண்டும்.

குறிப்பில் ‘பின்தங்கி’ என்று மட்டும் இருந்து எத்தனை அடி என்று சொல்லவில்லை என்றால், முதலில் ஓரிடம் தள்ளிப் பாருங்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்து நேராகக் கடைசிக்கே போய்விடுவது சாதாரணம். தமிழில் அது அபூர்வம், ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு மெய் குடியிருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னோர் எழுத்தை ஒட்டினால் சொல் கெட்டுவிடும். கதவு போல உகரத்தில் முடியும் சொற்களிலும், கடைசியில் நிற்கும் எழுத்தைத் தொடாமல் விடுவதுதான் வழக்கமாகப் பலன் தரும்.

கீழ்நோக்கிச் செல்லும் விடைகளில் திசைச்சொற்கள் வேறாக இருக்கும். இடமிருந்து வலமாக எழுதும் சொல்தான் பின்வாங்க முடியும். மேலிருந்து கீழாக எழுதும் சொல் திரும்பினால் அது மேலேறும், எழும், நிமிரும். கவனமாக அமைப்பவர் இதைக் கடைப்பிடிப்பார். ஆகவே கீழ்நோக்கிய குறிப்பில் ‘எழுந்த’, ‘மேலே போன’ என்று பார்த்தால் அதையும் பின்வாங்கலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணினியில் நிரல் எழுதித் திருப்பிப் பார்க்க முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். நிரலைச் சும்மா திருப்பச் சொன்னால் சாமி மிசாவாகாது. முன்னால் ஓர் இகரக் குறி அநாதையாகத் தொங்க, ‘மாச’ என்று வந்து நிற்கும். முதலில் உயிர்மெய்களாகப் பிரித்துவிட்டு, அதற்கு அப்புறம் திருப்ப வேண்டும். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற புதிரின் கணக்கும் நம் இலக்கணத்தின் கணக்கும் ஒன்றுதான், கணினியின் கணக்குத்தான் வேறு.

இனி, உத்தரவாக வராமல் உண்மையிலேயே பொருளாக வரும் இடங்கள். விடையே ஒரு பின்வாங்கும் சொல்லாக இருக்கலாம். தமிழில் அதற்குப் பஞ்சமே இல்லை. போர்க்களம் என்றால் புறமுதுகு (5) வரலாம். புறப்புண்ணும் (5) வரலாம். இரண்டும் ‘புற’ என்றே தொடங்குவதால் மூன்றாவது கட்டம் கிடைக்கும்வரை எழுதிவிடக் கூடாது. பொருளிலும் இரண்டும் வேறு. புறமுதுகு ஓடினவனுடையது. புறப்புண் ஓடாதவனுக்கும் வரலாம். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்ததைப் புறநானூறு சொல்கிறது. அவன் பின்வாங்கிய மன்னன் அல்ல. ‘ஓடியவன் காட்டியது’ என்று குறிப்பு எழுதிப் புறப்புண்ணை விடையாக வைத்தால், அந்தச் சேரனுக்கு அது அநியாயம்.

கடற்கரை என்றால் இன்னொரு சொல் காத்திருக்கிறது:

கரையிலிருந்து பின்வாங்கு, பாடத்தை நன்றாகப் புரிந்துகொள் (5)

முன்னே பார்த்த பழக்கத்தில் கரையைத் திருப்பி எழுதப் பார்ப்போம். கரை, ரைக. ஒன்றும் வராது. இது எழுத்து வேலையே இல்லாத குறிப்பு. இரண்டு பாதியும் நேர்ப்பொருள்தான். கடல் உள்வாங்கியது என்று செய்திகளில் படிக்கிறோம், பாடத்தை உள்வாங்கு என்று ஆசிரியர் சொல்கிறார். விடை உள்வாங்கு. பின்வாங்கு என்ற சொல் உத்தரவா, பொருளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்புவதற்குப் பக்கத்தில் பொருத்தமான சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பு இரண்டு ஏவல் வாக்கியங்களாக, கிட்டத்தட்ட ஒரே எடையில் பிரிந்தால் இரட்டைப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, இந்தத் தலைப்பில் ஆளைத் திணறடிக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டத்தில் பி, ன், ஒரு வெற்றிடம், ங், கு என்று நிற்கிறது. பின்வாங்கு என்றும் நிரப்பலாம், பின்தங்கு என்றும் நிரப்பலாம். ஐந்தில் நான்கு எழுத்துகள் அப்படியே ஒன்று. மூன்றாவது கட்டத்தைக் குறுக்கே எந்தச் சொல்லும் வெட்டவில்லை என்றால் குறிப்பு ஒன்றுதான் துணை. ‘பிறகு இங்கேயே இரு, ஓட்டத்தில் மற்றவர்களை முந்தவிடு (5)’ என்றால், பின் என்பதோடு தங்கு சேர்ந்து பின்தங்கு. ‘குண்டூசியோடு யாழ்ப்பாணத்துப் பெஞ்சு, போரிடாமல் திரும்பு (5)’ என்றால் பின் என்பதோடு வாங்கு. இலங்கைத் தமிழில் நீளமான மர இருக்கைக்கு வாங்கு என்றுதான் பெயர். அந்தச் சொல் தெரியாதவர்கள்கூட இரண்டாவது பாதியைக் கொண்டு முடிவு செய்யலாம்: தானே முடிவெடுத்துத் திரும்புகிறவர் பின்வாங்குகிறார், முன்னோக்கியே போய்க்கொண்டிருந்தும் பிந்திவிடுகிறவர் பின்தங்குகிறார். குறிப்பில் திசை மாறுகிறதென்றால் ‘வா’ போடுங்கள். திசை மாறாமல் வேகம் மட்டும் குறைகிறதென்றால் ‘த’.